துரு எதிர்ப்புப் பிரிவின் மாதுளம்பழம்

பீரோ செய்யும் அந்தத் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷெட்டில் ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இருந்தது. ஆள் உயரத்துக்குப் பின்சுவரில் பதித்திருந்தார்கள். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் அது நின்றுபோன அன்று காலையில் எல்லாருக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான். வருஷக்கணக்கில் கத்திக் கத்திப் பேசியவர்கள் அன்றைக்கு மெதுவாகப் பேசினார்கள், ஒருத்தன் பாடக்கூடச் செய்தான். மத்தியானத்துக்குள் பாட்டு நின்றது. சாயங்காலம் ஷெட்டுக்குள் இருமல் மட்டும்தான் மிச்சம்.

ஷெட்டில் மூத்தவரை எல்லாரும் பெயிண்டர் என்றே கூப்பிடுவார்கள். அங்கே எல்லாருமே பெயிண்டர்தான், ஆனாலும் அந்தப் பெயர் அவருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. தகரத்தில் பூச்சு வழியாமல், திப்பி விழாமல், ஒரே வீச்சில் அடித்துவிட்டுப் போவார். அவருடைய மச்சினனும் அங்கேதான் வேலை பார்த்தான். மனைவிக்கு ஒரே தம்பி. "என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று சொல்லிப் பெயிண்டர்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார்.

எலக்ட்ரீசியன் வந்து ஃபேனைத் திறந்து பார்த்தார். "மோட்டார் எரிஞ்சு போச்சு. புதுசு போடணும். மேலே சொல்லியிருக்கேன்" என்றார். சூப்பர்வைசரைக் கேட்டால் அவரும் மேலே சொல்லியிருந்தார். மேலே என்றால் எங்கே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கடவுளும் நிர்வாகமும் அந்தப் பக்கம்தான் இருப்பதாகக் கேள்வி.

பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாடை நாளுக்கு நாள் ஏறியது. தலைவலி, வாந்தி, கண்ணெரிச்சல். கடைசியில் பெயிண்டரே அலுவலகத்துக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு புதிய பிரிவைத் தொடங்கியது. அதற்குத் துரு எதிர்ப்புப் பிரிவு என்று பெயர்.

அந்தப் பிரிவுக்கு வந்த அதிகாரி செக்கச்செவேலென்று, தோல் மினுமினுப்பாக இருந்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா, அது நிறைய மாதுளை முத்து. பேச்சின் நடுவே இரண்டு முத்தை வாயில் போட்டுக்கொள்வார். தொழிலாளர்கள் முதல் நாளே அவருக்கு மாதுளை ஐயா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்து அவர் பேசினார்.

"நண்பர்களே, மூச்சு முட்டுதுன்னு சொன்னீங்க. நிர்வாகம் காது கொடுத்துக் கேட்டுது. ஒரு இரும்புத் தகடு மழையில கிடந்தா என்ன ஆகும்?"

"துரு பிடிக்கும்" என்றார்கள் எல்லாரும். அது அவர்கள் பிழைப்பு, தெரியாதா என்ன?

"உங்க உடம்புக்குள்ளயும் அதேதான் நடக்குது! புகை, ரசாயன வாடை, தூக்கமில்லாம உழைக்கிறது, மனக்கவலை, இதெல்லாம் சேர்ந்து உள்ளே போக்கிரித் துகள்களை உண்டாக்குது. அதுங்க நல்ல செல்லை எல்லாம் அரிச்சுத் தின்னுது. அதைத் தடுக்க என்ன வழி? கொய்யா, கேரட், கீரை, தக்காளி, திராட்சை! நிறமுள்ள ஒவ்வொரு காயும் பழமும் உங்களுக்கு ஒரு காவல்காரன்!"

பெயிண்டருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அதில் ஒரு பொய்கூட இல்லை என்றே தோன்றியது. அந்தத் தைரியத்தில் கையைத் தூக்கினார்.

"ஐயா, நீங்க சொன்ன அந்த ரசாயன வாடை இருக்கே, அதை வெளியே தள்ளுற ஃபேன் ஓடல..."

"அருமையான கேள்வி" என்று மாதுளை ஐயா இரண்டு முத்தை வாயில் போட்டுக்கொண்டார். "ஃபேன்ங்கிறது வெளிப்புறத் தீர்வு. நாம உட்புறத் தீர்வுக்கு வந்தாச்சு. மெஷினை நம்பி மனுஷன் எத்தனை நாளைக்கு மூச்சு விடுறது?"

எல்லாரும் கை தட்டினார்கள். கொஞ்சப் பேர் இருமினார்கள். கை தட்டியதும் இருமியதும் ஒரே நேரத்தில் நடந்ததால் கைதட்டல் பலமாக இருந்ததாக மேலே தகவல் போனது.

பிறகு ஒரு மெஷின் வந்தது. உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்தால் அடியில் ஒரு வெளிச்சம் போகும். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவன் என்றால் பச்சை விளக்கு. நடுத்தரம் என்றால் மஞ்சள். போதாது என்றால் சிவப்பு. அலுவலகத்துக்காரர்கள் எல்லாருக்கும் பச்சை எரிந்தது. பெயிண்ட் ஷெட்டில் ஒருத்தர் விடாமல் சிவப்பு.

"ஒரே கம்பெனி, ஒரே வாசல்" என்றார் மாதுளை ஐயா, நெஞ்சில் கைவைத்து. "அவங்க பச்சை, நீங்க சிவப்பு. வித்தியாசம் எங்கே இருக்கு?"

"அவங்க ஜன்னல் திறந்திருக்குங்க" என்றான் மச்சினன்.

"சாப்பாட்டு டப்பாவுல!" என்று மாதுளை ஐயா பெயிண்டரின் டப்பாவைத் திறந்து தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "வெள்ளை. முழுக்க வெள்ளை. இதைக் கட்டிக் கொடுத்த கையைத்தான் நாம திருத்தணும்."

வீட்டில் இதைச் சொன்னபோது பெயிண்டரின் மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"என் கையைத் திருத்தணுமாமா? அவர் சம்பளத்துல நான் சமைச்சா டப்பாவுல வானவில்லே வரும். நம்ம சம்பளத்துக்கு வெள்ளை வந்ததே பெரிசு."

"மெல்லப் பேசு."

"யாரு கேக்குறா இங்க? சரி, எதை வாங்கணும்னு சொல்லுங்க. என் தம்பிக்கும் உங்களுக்கும் நல்லதுன்னா நான் பட்டினி கிடந்தாவது வாங்குறேன்."

வாங்கினாள். கேரட், பீட்ரூட், கீரை, கொய்யா. அதில் பெயிண்டருக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் உண்மைதான். மலச்சிக்கல் போனது, முகத்தில் களை வந்தது. ஷெட்டுக்குள் நுழைந்தால் மட்டும் தலை சுற்றியது.

துரு எதிர்ப்புப் பிரிவு வளர்ந்தது. காலையில் ஒரு சங்கு, மத்தியானம் ஒரு சங்கு. சங்கு ஊதினால் எல்லாரும் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் பழம் சாப்பிடவேண்டும். பெயிண்ட் கையோடேதான் சாப்பிட்டார்கள், ஏனென்றால் கை கழுவுவதற்குச் சங்கு இல்லை. காலைச் சங்குக்குப் பிறகு உறுதிமொழி. "என் உடம்புக்கு நானே காவல். என் துருவுக்கு நானே பொறுப்பு." இரண்டாவது வரியை மாதுளை ஐயா மூன்று தடவை சொல்லவைப்பார். சட்டப் பிரிவில் இருந்து ஒருவர் வந்து நின்று, எல்லாரும் வாய் அசைக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். ஃபேனைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த ஓட்டையில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது, காற்றும் வந்தது. புது மோட்டார் வரப்போகிறது என்று பெயிண்டர் நினைத்தார். எலக்ட்ரீசியன் ஒரு பெரிய தகட்டைக் கொண்டுவந்து ஓட்டையை மூடி, சுற்றிலும் போல்ட் போட்டு முறுக்கினார்.

"இது மேல ஒரு மாதுளம்பழம் வரையணும்" என்றார் மாதுளை ஐயா. "பிளந்த பழம். முத்து தெரியணும். உங்க கை நல்ல கைன்னாங்க."

"ஐயா, வந்துட்டிருந்த கொஞ்சம் காத்தும் நின்னுடுமே?"

மாதுளை ஐயா அவர் தோளில் கைபோட்டார். "பெயிண்டரே, துரு எதனால வருது?"

"ஈரம்... அப்புறம் காத்து."

"காத்துல இருக்குற ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் பட்டாத்தான் துரு. இத்தனை நாளா இந்த ஓட்டை வழியா நாமளே அதை உள்ளே விட்டுக்கிட்டிருந்தோம்! இதைக் கண்டுபிடிச்சதுக்கு எனக்கு மேலே இருந்து பாராட்டு வந்திருக்கு."

பெயிண்டர் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிற மாதிரி தெரியவில்லை. ஏமாற்றுகிறவனிடம் பேசிப் பார்க்கலாம். நம்புகிறவனிடம் என்ன பேசுவது?

மாதுளம்பழத்தை வரைந்தார். நன்றாகவே வந்தது. எல்லாரும் வந்து பார்த்துவிட்டு, இருமிக்கொண்டே போனார்கள்.

மச்சினனுக்கு அந்தச் சிவப்பு விளக்கு மானப்பிரச்சினையாகிவிட்டது. கேரட்டாகத் தின்று தீர்த்தான். வேலைக்கு வரும்போது கேரட், போகும்போது கேரட். உள்ளங்கை மஞ்சள் பூத்தது. ஒரு நாள் மெஷினில் கைவைத்தான், பச்சை எரிந்தது. பெயிண்ட் ஷெட்டின் முதல் பச்சை. அவனுக்கு மாலை போட்டார்கள், நிர்வாக இயக்குநர் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அக்கா அந்தப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டினாள்.

மறுநாளே ஒரு உத்தரவு வந்தது. பச்சைக்காரர்களுக்குக் காவல் அதிகம், அதனால் அவர்கள் ஷெட்டில் இன்னொரு ஷிஃப்டும் சேர்த்து இருக்கலாம்.

"வேண்டாம்னு சொல்லுடா மாப்ளே" என்றார் பெயிண்டர்.

"எப்படி மாமா சொல்றது? படம் எடுத்திருக்காங்க."

மற்றவர்கள் இதைப் பார்த்துக் கேரட்டைக் குறைத்தார்கள். சிவப்பு என்றால் எல்லார் முன்னாலும் திட்டு, இடைவேளை கிடையாது. பச்சை என்றால் இரண்டு ஷிஃப்ட். எல்லாரும் மஞ்சளுக்குப் பாடுபட்டார்கள். மஞ்சளில் நிற்பது கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. ஒரு கொய்யா கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு.

மச்சினன் ஒரு சாயங்காலம் பாதி பூசிய பீரோவுக்குள் தலையை விட்டபடியே சரிந்தான். கதவுக்கு உட்பக்கம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தவன் வெளியே வரவில்லை. பெயிண்டர் காலைப் பிடித்து இழுத்தபோது உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்கே வேலை?" என்றாள். பெயிண்டர் சொன்னார். பழம், மெஷின், பச்சை எல்லாம் சொன்னார்.

"பழம் நல்லதுதான், நிறுத்தாதீங்க" என்றாள் டாக்டரம்மா. "ஆனா அது வருஷக்கணக்குல மெல்ல மெல்லக் காப்பாத்துற சமாசாரம். வாய் வழியா போன கேரட், மூக்கு வழியா போற தின்னரை வழிமறிச்சு நிறுத்தாதுங்க. காத்து வேணும். இன்னொரு தடவை இந்தப் பையன் அங்கே போனா, இங்கே கொண்டுவர நேரம் இருக்குமான்னு தெரியாது."

தொழிற்சாலையில் விசாரணை நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மாதுளை ஐயாவும் சட்டப் பிரிவுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்டர் டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னார்.

"அவங்க வெளியாள்" என்றார் சட்டப் பிரிவுக்காரர். "உங்க மச்சினன் அன்னைக்கு என்ன சாப்பிட்டார்?"

"கேரட்டுங்க."

"ஊதா நிறத்துல ஏதாவது சாப்பிட்டாரா?"

"இல்லைங்க."

"கேரட்டைத் தோல் சீவிச் சாப்பிட்டாரா, சீவாமலா?"

பெயிண்டர் யோசித்தார். "அவங்க அக்காதான் சீவிக் கொடுப்பா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதுளை ஐயா நாற்காலியில் சாய்ந்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். "தோல்லதான் பாதி காவல் இருக்கு. பாருங்க, ஒரு உயிரு போயிருக்கும். வீட்டுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிக்குது."

தீர்ப்பு அன்றே வந்தது. குற்றம் அக்காவின் கத்தியுடையது. இனி இப்படி நடக்காமல் இருக்க, டப்பா கட்டுகிற எல்லாக் குடும்பத்தாருக்கும் ஒரு நாள் பயிற்சி. இடம் பெயிண்ட் ஷெட். மாதுளம்பழம் இருக்கிற சுவர் மேடைக்குப் பின்னால் எடுப்பாக இருக்கும் என்று நிர்வாக இயக்குநரே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஷெட் நிறைய ஜனம். பெண்கள், கைக்குழந்தைகள். இரண்டு பக்கமும் அப்போதுதான் பூசிய பீரோக்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, கம்பெனியின் பெருமை தெரியட்டும் என்று. பேச்சின் நடுவே யாரும் எழுந்து போகக் கூடாது என்று ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார்கள். சாவி வாட்ச்மேன் இடுப்பில்.

பெயிண்டர் பின்வரிசையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "குழந்தைகளை எல்லாம் எதுக்குக் கூட்டிட்டு வந்தாங்க?" என்று அவள் முணுமுணுத்தாள். முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. இன்னொன்று அழுதுகொண்டிருந்தது, சட்டென்று அதன் அழுகை நின்றுவிட்டது. அழுதபோதுகூட இல்லை, நின்றபோதுதான் பெயிண்டருக்குத் திக்கென்றது.

நிர்வாக இயக்குநர் அந்த ஷெட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. "இந்தப் பெரிய குடும்பத்துக்கு நான் ஒரு தகப்பன்" என்று ஆரம்பித்தார். "உங்க ஒவ்வொரு மூச்சையும் நான்..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மேஜையைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு..." என்றார் மறுபடியும். அதைப் பேச்சின் ஒரு பகுதி என்று நினைத்து மாதுளை ஐயா கை தட்டினார். இயக்குநர் அப்படியே மடிந்து விழுந்தார்.

"யாரும் பதறாதீங்க!" என்று கத்தினார் மாதுளை ஐயா. "வாட்ச்மேன், ஓடு! மாதுளை ஜூஸ்!"

வாட்ச்மேன் ஷட்டரின் ஓரத்தில் இருந்த சின்னக் கதவு வழியாக ஓடினான். பழக்கதோஷத்தில் அதை வெளியே பூட்டிக்கொண்டு போனான். சாவியும் அவனோடு போனது.

முன்வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையை உலுக்கிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் எழுந்தார். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினார்.

"என்ன பண்றீங்க? ஆக்ஸிஜன் உள்ளே வந்துடும்!" என்று மாதுளை ஐயா குறுக்கே கை நீட்டினார். அவர் உதடும் வெளுத்திருந்தது. அப்போதும் அவர் நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

பெயிண்டரின் மனைவி மாதுளை ஐயாவின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். "தள்ளுங்க ஐயா, புண்ணியமா போகும்!"

பெயிண்டர் தகட்டின் ஓரத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். ஒரு போல்ட் தெறித்தது. இன்னொன்று. பழம் நடுவில் மடங்கித் தொங்கியது, வெளியே இருந்து காற்று முகத்தில் அடித்தது. ஜனம் அந்த ஓட்டைக்கு நேரே குழந்தைகளைத் தூக்கிப் பிடித்தது. அழுகை நின்றுபோன அந்தக் குழந்தை மறுபடியும் வீறிட்டு அழுதது. அதைக் கேட்டு அதன் தாயும் அழுதாள். இயக்குநரையும் தூக்கிக் காற்றுக்கு நேரே போட்டார்கள். கண்ணைத் திறந்தார். பிறகுதான் ஜூஸ் வந்தது.

அதற்கும் ஒரு விசாரணை நடந்தது. இயக்குநர் கண் திறந்தது ஜூஸால் என்றும், மயங்கியது திடீரென்று உள்ளே புகுந்த காற்றால் என்றும் முடிவானது. மயங்கிய பிறகுதானே காற்று வந்தது என்று பெயிண்டர் கேட்டார். "வரிசையைப் பத்தி இங்கே விசாரணை இல்லை" என்றார் சட்டப் பிரிவுக்காரர். இயக்குநரின் அறைக்கு இரண்டு புது ஃபேன் வந்தன. அலுவலகத்தைச் சேர்ந்த யாரும் உடல்நலம் கருதி இனி பெயிண்ட் ஷெட்டுக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். தகட்டை இந்தத் தடவை சுற்றிலும் வெல்டிங் வைத்து மூடினார்கள். பாதுகாப்புச் சின்னத்தைச் சேதப்படுத்திய குற்றத்துக்காகப் பெயிண்டரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

மச்சினன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு காலையில் அக்கா எழுந்து பார்த்தபோது அவன் படுக்கையில் இல்லை. சமையலறையில் கேரட் இருந்த கூடையும் காலி.

இருவரும் தொழிற்சாலைக்கு ஓடினார்கள். அவன் வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"டேய், டாக்டரம்மா சொன்னது மறந்து போச்சா?" என்று பெயிண்டர் அவன் கையைப் பிடித்தார்.

"உங்க இடத்தை எனக்குக் கொடுத்திருக்காங்க மாமா" என்றான் அவன், கண்ணைப் பார்க்காமல். "பழத்தைத் திரும்ப வரையணுமாம். உங்களுக்கும் வேலை இல்லை. அக்கா எத்தனை ஜாக்கெட் தைச்சு வீட்டை ஓட்டும்?"

"உன் அக்கா பிச்சை எடுப்பாடா. நீ உள்ளே போகாத" என்றாள் அவள்.

"தோலோடதான் சாப்பிடுறேன்க்கா. எனக்கு ஒண்ணும் ஆகாது." அவன் கையை உருவிக்கொண்டான். வாட்ச்மேன் கதவைச் சாத்தினான்.

அவர்கள் சுற்றிக்கொண்டு பின்சுவருக்குப் போனார்கள். முள்ளும் குப்பையுமாக இருந்த இடம். தகட்டின் மறுபக்கம் உறுதிமொழி கேட்டது. பொறுப்பு, பொறுப்பு, பொறுப்பு என்று மூன்று தடவை. அப்புறம் ஸ்ப்ரே கன்னின் சீறல். அப்புறம் இருமல்.

"அது அவன்தான்" என்றாள் அவள், தகட்டில் காதை வைத்துக்கொண்டு. "எப்போ விடுவாங்க?"

"பச்சைக்கு ரெண்டு ஷிஃப்ட்."

அவள் குனிந்து ஒரு கருங்கல்லை எடுத்தாள். இரண்டு கையாலும் தூக்கித் தகட்டில் அடித்தாள். பெயிண்டர் அவளைத் தடுக்கவில்லை. தனக்கும் ஒரு கல்லைத் தேடி எடுத்தார். அடித்த அடியில் சுவரே அதிர்ந்தது, வெல்டிங் அசையவில்லை.

அலுவலகத்து மாடி ஜன்னலைத் திறந்து மாதுளை ஐயா எட்டிப் பார்த்தார். "யாரது? இப்படிச் சத்தம் போட்டா உள்ளே இருக்கிறவங்களுக்கு மன அழுத்தம் வரும். மன அழுத்தம் துருவைக் கூட்டும்!" என்று கனிவாகச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இருமல் நின்றிருந்தது. உள்ளே இருந்து யாரோ தகட்டைத் திருப்பித் தட்டினார்கள். நிறுத்தச் சொல்லித் தட்டுகிறார்களா, நிறுத்தாதே என்று தட்டுகிறார்களா என்று பெயிண்டருக்கு விளங்கவில்லை. அவர் மனைவி அதைக் கேட்க நிற்கவில்லை. மறுபடியும் கல்லை ஓங்கினாள்.